விமானம் இறங்கும்போது நிரப்பிய அட்டை

போன செவ்வாய்க்கிழமை காலைத் தபாலில் அந்தக் கடிதம் வந்தது. அட்டனில் மூன்று நாளாக விடாத மழை. தபால்காரர் கடிதக் கட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் தொழிலாளர் சங்கக் காரியாலய மேசையில் ஒவ்வொன்றாகப் போட்டார். இந்தியத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்றின் மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. அப்படி வரும் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் எவரும் அனுப்பியவரின் முகவரியைத்தான் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். மாரிமுத்து, ஆலம்பட்டி, துறையூர் வழி, திருச்சி ஜில்லா. பிரிக்காமலே தெரிந்துவிட்டது. வேலாயுதம் அண்ணன் போய்விட்டார்.

மஸ்கெலியாப் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. கொழுந்துமலைத் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இருபது வருஷத்துக்கு மேல் இஞ்சின் ஓட்டியவர். அந்தத் தோட்டத்தில் நம் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். வெறும் வேலாயுதம் என்று கேட்டால் லயத்து வீடுகளில் நாலு பேரைக் காட்டுவார்கள், இஞ்சின் வேலாயுதம் என்றால்தான் அவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் மனைவி செல்லம்மாவோடும் மகன் மாரிமுத்துவோடும் இலங்கையை விட்டு இந்தியாவுக்குப் போனார். அவரைப் பற்றி நம் சங்கப் பத்திரிகைக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் காரியாலயக் கிளாக்கர், இறந்தவர்களைப் பற்றி எழுதுவதும் என் வேலைகளில் ஒன்று. ஏழைப் பங்காளர், அஞ்சா நெஞ்சர் என்று நாலு வரி எப்போதும் கைவசம் உண்டு. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். இரண்டு தடவை அப்படி எழுதி இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். ஆலம்பட்டி என்ற ஊர்ப் பெயரை அவருக்காக ஓர் அரசாங்க அட்டையில் முதன்முதலில் எழுதியவன் நான். அது எப்படி நடந்தது என்று சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

அவரை நான் முதலில் பார்த்தது ஸ்டோரின் இஞ்சின் அறையில். ஒரு வேலைநீக்க வழக்கு விஷயமாகப் போயிருந்தேன். சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. அவர் சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். செருப்பு வாசலில் கிடந்தது. என்னைக் கையமர்த்திவிட்டு, மேலே போய் ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். பெரிய பெல்ட் சுற்றும் சக்கரத்தில் ஒரு பேரிங் போகப்போகிறது, கொழுந்து வருவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள் என்று சொன்னாராம். டீமேக்கர் கேட்கவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு அது போயிற்று. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காது ஏமாத்திப்புடும் தம்பி. உள்ளங்காலு ஏமாத்தாது" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் கடைசிவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசினார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், இங்கேயே நிலையாக வசிப்பவர்கள் என்று காட்டி இலங்கைப் பிரஜாவுரிமை விண்ணப்பங்களை எல்லாம் அனுப்பிவிட்டு விசாரணைக்குக் காத்திருந்த காலம். திருச்சியில் தோட்டத் தொழிலாளர் மாநாடு ஒன்று நடந்தது. அழைப்பு தாமதமாக வந்துவிட்டது. கோச்சி ரயிலில் தலைமன்னார் போய், கப்பல் ஏறி, மறுபடி ரயில் பிடித்துப் போனால் மாநாட்டுப் பந்தலைப் பிரிக்கும்போதுதான் போய்ச் சேரலாம். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேரை விமானத்தில் அனுப்புவது என்று முடிவாயிற்று. தோட்டங்களின் சார்பில் வேலாயுதம் அண்ணன், எழுதுவதற்கு நான். ஒரு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொன்னேன். இந்தியாவில் அதிகம் தங்கினால் விண்ணப்பத்துக்கு ஆபத்து என்று நூறு பேருக்குப் புத்தி சொன்னவன் நான். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் பஸ்ஸில் போனாலே மூன்றாவது வளைவில் எனக்கு வயிற்றைப் புரட்டும். விமானம் என்றதும் இரண்டு இரவு தூக்கம் போயிற்று. அவருக்கோ மாப்பிள்ளைக் களை. லயத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். செல்லம்மா அக்கா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணி முடிந்தார். இரத்மலானையில் விமானம் மூக்கைத் தூக்கி வாலைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றது. வாலுக்குப் பக்கத்தில் ஏறி, ஆசனத்துக்கு மேட்டில் நடப்பதுபோல் நடந்து போக வேண்டும். ஏத்தம் நமக்குப் பழக்கந்தானே என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி ஆசனத்தின் அடியில் விட்டார். பணிப்பெண் காதுக்குப் பஞ்சும் வாய்க்கு டொபி மிட்டாயும் கொடுத்தாள். டொபியை மகனுக்காக மடியில் முடிந்துகொண்டார், பஞ்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வடக்கே பலாலியில் ஒரு தடவை இறங்கி ஏற வேண்டும். அங்கே காற்று பக்கவாட்டில் அடித்தது. விமானம் தரையைத் தொட்டு, எழும்பி, மறுபடி தொட்டு, குதித்துக் குதித்துப் போய் நின்றது. எனக்கு முன்னால் இருந்த கிழவர் முருகா முருகா என்றார். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். திருச்சியில் நடந்தது நேர்மாறு. எப்போது தரையைத் தொட்டது என்றே யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலில் மரங்கள் ஓடியதைப் பார்த்துத்தான் தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் பிரேக் பிடித்த வேகத்தில் எங்கள் தலையெல்லாம் முன்னே போய் வந்தது. வேலாயுதம் அண்ணன் தட்டவில்லை. "மெத்துன்னு வச்சான், சரி. பாதித் தரையத் தின்னுட்டுல்ல வச்சான்" என்றார். மெதுவாக வைக்க வேண்டுமென்று தரைக்கு மேலே மிதந்துகொண்டே போய்விட்டானாம், மிச்சம் இருந்த இடத்தில் நிறுத்தப் பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்றாம். கைதட்டியவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்திருந்தார்கள், இவர் காலால் பார்த்திருந்தார்.

மாநாட்டில் பேசியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. திரும்பி வரும்போது மறுபடி பலாலியில் நின்றோம். விமானி இறக்கையின் நிழலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். வேலாயுதம் அண்ணன் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவரிடம் போய், கேளுங்க தம்பி என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிக் கேட்டேன், எது நல்ல இறக்கம் என்று. விமானி சிரிக்கவில்லை. இஞ்சின் ஆள் என்று சொன்னதும் இவருடைய காலையும் கையையும் பார்த்துவிட்டு மரியாதையாகவே பதில் சொன்னார். பயணிகள் கடைசி நொடியில் விழும் அடியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த நொடியில் தான் செய்வது கொஞ்சம்தான் என்றார். வேகமும் உயரமும் நேர்கோடும் ஐந்து மைல் முன்னாலேயே சரியாக இருந்தால் கடைசி தானாகச் சரியாக வரும், அங்கே பிசகினால் இங்கே எந்தக் கெட்டிக்காரத்தனமும் காப்பாற்றாது. இன்னொன்றும் சொன்னார். காய்ந்த தரையில் மெதுவாக வைக்கலாம். மழை பெய்த தரையில் அழுத்தித்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் தண்ணீருக்கு மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நான் மொழிபெயர்த்தேன். வேலாயுதம் அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், வேதம் கேட்ட மாதிரி.

கொழும்பு நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விமானம் மேகத்துக்குள் புகுந்து ஆடியது. அந்த நேரத்தில்தான் பணிப்பெண் வந்து, இறங்கியதும் கொடுக்க வேண்டிய அட்டைகளை ஆளுக்கொன்று தந்துவிட்டுப் போனாள். இங்கிலீஷ் அட்டை. என்னுடையதை முதலில் நிரப்பினேன். நிலையாக வசிக்கும் இடம் என்ற இடத்தில் அட்டன் என்று ஒழுங்காக எழுதினேன். அவருடைய அட்டையை எடுக்கும்போது விமானம் படியில் கால் தவறினவனைப்போல் ஒரு தடவை கீழே விழுந்து நின்றது. எனக்குக் கண் இருட்டிவிட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கண்ண மூடாதீங்க. மூடினா பயம் கூடும். செருப்பக் கழட்டிட்டுக் காலத் தரையில வைங்க" என்றார். வைத்தேன். இதோ சக்கரம் இறங்குகிறது, இதோ இஞ்சினைக் குறைக்கிறான், சரியான வேகத்தில்தான் போகிறான், பயப்பட ஒன்றுமில்லை என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அட்டையை நிரப்பினேன். பெயர், தகப்பன் பெயர். அடுத்ததற்கு வந்தபோது வாயில் தானாக வந்தது, "அண்ணே, ஊரு?"

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த லயத்தில் பிறந்து, இந்த மலையைத் தாண்டாதவனிடம் ஊர் எது என்று கேட்டாலும் பாட்டன் விட்டு வந்த ஊரைத்தான் சொல்வான். கல்யாணம் பேசும்போதும் அதுதான், இழவு வீட்டில் உறவு சொல்லும்போதும் அதுதான். எங்கள் சங்கப் பேரேட்டிலும் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்றே கட்டம் போட்டிருந்தது. ஆயிரம் தடவை அந்தக் கேள்வியைக் கேட்டு எழுதிய கை இது. அட்டை கேட்டது ஊரை அல்ல, அவர் நிலையாக வசிக்கும் இடத்தை. அதை நான் அவரிடம் கேட்டிருக்கவே தேவையில்லை. கொழுந்துமலைத் தோட்டம், மஸ்கெலியா என்று எழுதியிருந்தால் முடிந்தது. அவரோ கவனமெல்லாம் காலில் இருக்க, "ஆலம்பட்டி. தொறையூரு பக்கம்" என்றார். எழுதிவிட்டேன். அவர் கண்ணால் கண்டிராத ஊர் அது. மாநாட்டுக்குப் போன நாலு நாளில் கூட, நேரம் இல்லை என்று அங்கே போகவில்லை.

அடுத்த நிமிஷம் விமானம் பட்டென்று தரையில் விழுந்தது. அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள், விழுந்தது என்று. மேலே இருந்த பைகள் சரிந்தன, ஒரு பெண் அலறினாள். பிறகு வால் தாழ்ந்து, நாங்கள் பின்பக்கம் சாய்ந்து, ஒரு வழுக்கல் இல்லாமல் ஓடி நின்றது. யாரும் கைதட்டவில்லை. அவர் மட்டும் என் மணிக்கட்டை விட்டுவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தீங்களா தம்பி? இது எறக்கம்" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் ஒரு பயந்தாங்கொள்ளியின் பிழை என்று விட்டுவிடலாம். அப்படி இல்லை. அட்டையைக் கொடுக்க வரிசையில் நின்றபோது எனக்குப் பயம் தெளிந்துவிட்டது. அவர் தமிழில் ஒப்பம் வைத்துக் கொடுத்த அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பிழை கண்ணில் பட்டது. புது அட்டை ஒன்று கேட்க வேண்டும், கோட்டுப் போட்டவர்கள் முன்னால் வரிசையை விட்டு விலகி இங்கிலீஷில் விளக்க வேண்டும். யார் இதையெல்லாம் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். வரிசை நகர்ந்தது, கொடுத்துவிட்டேன். அவர் மடியில் டொபி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில் அவருக்கு விசாரணை. பிறப்பு அத்தாட்சி, தோட்டத்துப் பெயர்ப் பதிவு, துரையின் கடிதம் எல்லாம் நானே அடுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தேன். செல்லம்மா அக்கா பிள்ளையோடு வெளி விறாந்தையில் இருந்தார். உள்ளே அவருக்குப் பின்னால் ஒரு வாங்குப் பலகையில் நான். அதிகாரி கடுமையான ஆள் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டே வந்தவர், கடைசியில் கோப்புக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்தார். எந்த அட்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிலையாக வசிக்கும் இடம் திருச்சி ஜில்லா என்று நீரே எழுதியிருக்கும்போது, இங்கே நிலையாக வசிக்க எண்ணம் உண்டு என்று எப்படிச் சொல்கிறீர் என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். அண்ணன் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி மறுபடி பேசினார். கீழே தமிழில் ஒப்பம் இருக்கிறது, மேலே இங்கிலீஷ் எழுத்து, இதை எழுதியது வேறு ஆள்தானே? எழுதியவர் பிழையாக எழுதிவிட்டதாக முன்வந்து சொன்னால் அதைப் பதிந்துகொண்டு யோசிக்கலாம். இந்த எழுத்து யாருடையது?

கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் கேட்டார் அந்த மனிதர். நான் எழுந்து நின்றால் போதும். என்னுடைய விண்ணப்பமும் அதே அதிகாரியிடம், அடுத்த வாரத்துக்குப் போட்டிருந்தது. அரசாங்க அட்டையில் பிழையாக எழுதினவன் என்று என் பெயரையும் பதிந்துவிட்டால்? நான் நிரப்பி அனுப்பிய நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களையும் சந்தேகப்பட்டால்? இந்த இரண்டாவது காரணத்தைத்தான் பிறகு எனக்கு நானே பெரிதாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் முதலாவது. வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. "நான் சொல்லித்தாங்க எழுதினது. ஊருன்னு கேட்டா எங்க ஆளுங்க அப்படித்தாங்க சொல்லுவோம்" என்றார். அவ்வளவுதான். அதிகாரி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார்.

அட்டனுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் மனைவியோடும் பிள்ளையோடும் முன்னால் உட்கார்ந்துகொண்டார். எனக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. ஒரு மாதம் காரியாலயப் பக்கம் வரவில்லை. நான் தோட்டத்துக்குப் போன அன்று இஞ்சின் அறையில் என்னைக் கண்டதும் எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு இஞ்சினுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். பெரிய மனசு, உடனே மன்னித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவருக்குக் கோபம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். ஒரு மாதம் கழித்து, பக்கத்து லயத்துப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு மழையில் நனைந்து வந்தார். "இவனுக்கு ஒரு பாரம் நெரப்பிக் குடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, நான் பேனாவைத் திறந்ததும், "ஊரு மட்டும் கேக்காதீங்க" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் தலையைத் தூக்கவில்லை.

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அவருடையதை நிராகரித்துக் கடிதம் வந்தது. அதை வாசித்துச் சொல்ல அவர் வீட்டுக்கு நானே போனேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார், வழக்கம்போல் சீனி தனியாக என் கையில். நான் குடிக்கும்போது கடிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பிளேன் கச்சேரியில எவனோ ஒருத்தன் எழுதினானாம். என்னமோ எழுதி எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டான். அந்தக் கை வெளங்குமா?" அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அண்ணன் வீட்டில் என் பெயரைச் சொல்லவே இல்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தேத்தண்ணியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று கேட்காதீர்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அந்த வீட்டில் குடித்திருக்கிறேன். மாரிமுத்து என்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான்.

பிரஜாவுரிமை இல்லாத வீட்டில் பிள்ளை வளர்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். மாரிமுத்து நன்றாகப் படித்தான், படித்ததை வைத்துக்கொண்டு எங்கே போனாலும் முதல் கேள்வி அதுதான். கடைசியில் போய்விடுவது என்று முடிவு செய்தார்கள். போவதற்கான பாரங்களை நிரப்ப வேலாயுதம் அண்ணன் என்னிடம்தான் வந்தார். வேறு ஆளிடம் போயிருக்கலாம், என்னிடமே வந்தார். செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இந்தியாவில் வசிக்கப்போகும் இடம் என்று இருந்தது. என் பேனா நின்றுவிட்டது. "எழுதுங்க. ஆலம்பட்டி, தொறையூர் வழி. இந்தத் தடவ தப்பு இல்ல" என்றார்.

அன்று சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. அண்ணே, அன்றைக்கு நான் எழுந்து நிற்கவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்று. நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலத்துச் சட்டம், அதிகாரியின் மனசு, மேல்முறையீடு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும், மழைக்காலத்தில் போகிறீர்களே, அங்கே வெயில் எப்படி இருக்குமோ என்று எதையெதையோ பேசினேன். கால்மணி நேரம் பேசியிருப்பேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, சுத்திக்கிட்டே இருந்தா எண்ணெ தீந்துரும். எறக்கிருங்க" என்றார். எனக்கு என்ன கேட்கிறார் என்று நன்றாகப் புரிந்தது. தரை நனைந்திருந்தது, அழுத்தித்தான் வைக்க வேண்டும். நான் பாரத்தை அவர் பக்கம் திருப்பி, இங்கே ஒரு ஒப்பம் வையுங்கள் அண்ணே என்றேன். வைத்தார். படிக்கட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. அவர்கள் கோச்சி ஏறிய அன்று பண்டாரவளையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மாரிமுத்துவின் கடிதம் மூன்று பக்கம். ஆலம்பட்டியில் அவர்களுக்குச் சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லையாம். சிலோன்காரர் வீடு என்றால்தான் தபால் வருமாம். அப்பா ஓர் அரிசி மில்லில் இஞ்சின் பார்த்தார், அங்கேயும் செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். மேலே விமானம் போகும் சத்தம் கேட்டால் வெளியே வந்து வெறுங்காலோடு நிற்பார், வானத்தில் போவது காலுக்கு எப்படித் தெரியும் என்று நாங்கள் சிரிப்போம் என்று எழுதியிருக்கிறான். நெஞ்சு வலி என்று துறையூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, சீட்டு எழுதுகிறவர் ஊர் எது என்று கேட்டிருக்கிறார். மகன் ஆலம்பட்டி என்று சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டு, கொழுந்துமலை, மஸ்கெலியாப் பக்கம் என்று சொன்னாராம். எழுதுகிறவருக்கு ஒன்றும் விளங்கவில்லையாம். இரண்டு நாளில் போய்விட்டார். கடிதத்தின் கடைசியில், அந்த விமான நிலையத்து ஆள் மட்டும் சரியாக எழுதியிருந்தால் அப்பா அவர் ஊரிலேயே இருந்திருப்பார் சித்தப்பா என்று எழுதியிருக்கிறான்.

அவர் நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. அதனால் இப்போது வளைவுகளில் வயிறு புரட்டுவதில்லை. அதுபோக என்னிடம் இருப்பது அந்த அதிகாரி கேட்ட கேள்வி. அண்ணன் பதில் சொல்லிவிட்டார் என்று இவ்வளவு காலமும் பாவனை செய்துகொண்டிருந்தேன். அது வாங்கில் இருந்தவனிடம் கேட்ட கேள்வி. இதைப் படித்துவிட்டு அரசாங்கமோ சங்கமோ என்னை ஏதாவது கேட்டால் கேட்கட்டும்.

இந்தப் பத்திரிகையின் ஒரு பிரதி ஆலம்பட்டிக்குப் போகும், முகவரியை நானே எழுதுவேன். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, மாரிமுத்து வாசித்துக் காட்டுவான். இந்த இடம் வந்ததும் அவன் கொஞ்சம் நிறுத்துவான் என்று நினைக்கிறேன். நிறுத்தாமல் வாசி, மகனே. செல்லம்மா அக்கா, விமான நிலையத்தில் அப்படி ஓர் ஆள் கிடையாது. நீங்கள் தேத்தண்ணி ஊற்றிச் சீனி வைத்தீர்களே, என்னுடைய அந்தக் கைதான் எழுதியது.